பையனை எதற்கு இழுத்தீர்கள்?

கேள்வி: கணவருக்கு வேறு தொடர்பு இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, தெரிந்தவர் மூலம் ஒரு தனியார் துப்பறிவாளரைப் பிடித்தேன். கணவரின் போனில் ஒரு செயலியைப் போடச் சொன்னார். எனக்கு அதெல்லாம் வராது. கணவர் குளிக்கப் போன நேரத்தில் பத்தாவது படிக்கும் என் மகன்தான் போட்டுக்கொடுத்தான், லாக் எண் அவனுக்குத் தெரியும். 3 மாதம் அவருடைய மெசேஜ், அழைப்புப் பட்டியல், இருக்கும் இடம் எல்லாம் வந்தது. பெரிதாக எதுவும் சிக்கவில்லை. இப்போது அந்த ஆள் இன்னும் பணம் கேட்கிறார், தராவிட்டால் கணவரிடமே சொல்லிவிடுவாராம். விசாரித்தால் அவருக்கு உரிமமே இல்லை. புகார் கொடுக்கலாமா? கொடுத்த பணம் திரும்ப வருமா?

பதில்: இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துது குடையுது என்று எழுதுவார்கள். ஆனால் பெற்ற பிள்ளையின் கையாலேயே ஓணானைப் பிடித்துவரச் சொன்னவர் நீங்கள்தான்.

'லாக் எண் அவனுக்குத் தெரியும்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எப்படித் தெரியும்? அப்பா சொல்லியிருப்பார், அல்லது அவன் எதிரில் மறைக்காமல் அழுத்தியிருப்பார். உங்களுக்குத் தெரியாத எண் அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அந்த வீட்டில் அவர் நம்பிய ஆள் அவன். அந்த நம்பிக்கையைத்தான் ஊர் பேர் தெரியாத ஒருவனுக்காக நீங்கள் உடைத்தீர்கள். குளியலறையில் தண்ணீர் சத்தம் நிற்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அந்தப் பையனின் விரல் எப்படி நடுங்கியிருக்கும்! கணவன் மனைவி சண்டையில் பிள்ளையை ஆள் சேர்ப்பதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். உங்கள் சந்தேகம் உண்மையாகவே இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படியும் மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படியும் துப்பறியும் தொழிலுக்கு உரிமம் கட்டாயம். இந்தியாவில் 2007இல் மாநிலங்களவைக்கு ஒரு மசோதா வந்ததோடு சரி, அது சட்டமாகவே இல்லை. ஆகவே அங்கே 'உரிமம் இல்லாதவர்' என்ற புகாருக்கே பெரிய வலு கிடையாது. சரி, உரிமம் இருந்திருந்தால்? அடுத்தவர் போனைத் திறக்கும் அதிகாரம் எந்த உரிமத்திலும் வராது. அனுமதியில்லாமல் ஒருவருடைய கருவிக்குள் நுழைவதைக் குற்றமாக்கி பிரிட்டனில் 1990இலும் சிங்கப்பூரில் 1993இலும் மலேசியாவில் 1997இலும் இந்தியாவில் 2000இலும் சட்டம் வந்துவிட்டது. இந்தியச் சட்டத்தின் 66ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

சட்டம் முதலில் தேடுவது போனைத் தொட்ட கையை. துப்பறிவாளர் தொடவில்லை, நீங்களும் தொடவில்லை. தொட்டவன் பதினைந்து வயதுப் பையன். 'வராது' என்று ஒதுங்கி உட்கார்ந்ததால் நீங்கள் தப்பிவிடவும் முடியாது. 2006இல் அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கர்ட் கணினி நிறுவனத்தில் ரகசியத்தை வெளியே விடுவது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர்களை ஏவினார்கள். அவர்கள் ஆள்மாறாட்டம் செய்து இயக்குநர்கள், பத்திரிகையாளர்களின் போன் அழைப்புப் பட்டியலை வாங்கினார்கள். கலிபோர்னியாவில் வழக்கு வந்தபோது அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுத் தலைவியும் குற்றம் சாட்டப்பட்டார். அவர்மீதான வழக்கு பிறகு தள்ளுபடியானது, ஆனால் பதவி போனது போனதுதான்.

அந்த ஆளுக்கு இனி ஒரு காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த மாதமும் கேட்பார், இது மிரட்டிப் பறிப்பது. அவர் அனுப்பிய மிரட்டல்கள், பணம் போன விவரம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அந்தச் செயலி வழியாக வருவதை இன்றோடு பார்க்காதீர்கள். பயந்துபோய் 'அதை அழித்துவிடுடா' என்று மறுபடியும் பையனிடம் போனைக் கொடுத்துவிடப் போகிறீர்கள், ஜாக்கிரதை! செய்தது ஒரு குற்றம் என்றால் தடயத்தை அழிப்பது இன்னொன்று. போலீசுக்குப் போகும் முன் ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள். மகன் செய்ததை அவரிடம் மறைக்காதீர்கள். வெட்கப்பட்டு மறைத்தால், விசாரணையில் வேறு யார் வாயிலிருந்தாவது வரும்.

கணவரிடம் யார் சொல்வது? அந்த ஆள் முந்துவதற்குள் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எப்போது, எப்படி என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'நான் சொல்லித்தான் செய்தான்' என்பது மட்டும் அதில் முதல் வாக்கியமாக இருக்கட்டும். அதற்கும் முன்னால், இன்று ராத்திரியே மகனைத் தனியாக உட்காரவைத்து, செய்யச் சொன்னது உங்கள் தப்பு என்று ஒப்புக்கொள்ளுங்கள். 3 மாதமாக அப்பா முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டானா என்று கேட்டுப் பாருங்கள்.

கொடுத்த பணம்தானே? ரசீது வாங்கியிருக்க மாட்டீர்கள். தலைமுழுகிவிடுங்கள்.