குருநாகல் வரைதான் கணக்கு

கேள்வி: வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் அழைப்புகளுக்கு வீட்டிலிருந்தபடியே பதில் சொல்வது என் வேலை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 8 மணி நேரம் இயர்போன் காதில் இருக்கும். படிப்புக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறேன். வழி முழுவதும் பாட்டுக் கேட்பேன். இறங்கும்போது காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோல் இருக்கிறது, மத்தியானத்துக்குள் போய்விடுகிறது. எல்லாம் புளூடூத்தால் வந்தது என்கிறார் அம்மா. வேலையை விடவேண்டி வருமா, டொக்டர் ஐயா?
– வாசகி, உப்புவெளி

பதில்: வேலையை விடவேண்டாம், மகள். புளூடூத்தின் மேலும் பழி போடவேண்டாம். கம்பி உள்ளதோ இல்லாததோ, காதுக்கு இரண்டும் ஒன்றுதான். சத்தம் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதுதான் பேச்சு. எனக்குச் சந்தேகம் அந்த இரவு பஸ்ஸின் மேல்தான்.

வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். அமைதியான அறையில் மெல்லிய சத்தத்தில் வேலை பார்த்தால் நீங்கள் அதற்குள் அடங்கிவிடுவீர்கள். ஆனால் 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 90 டெசிபலுக்கு வாரம் முழுவதற்கும் 4 மணி நேரம்தான். 100 என்றால் சுமார் 20 நிமிடம்.

இனி உங்கள் பஸ்ஸுக்கு வருவோம். எஞ்சின் இரைச்சல் ஒரு பக்கம், சாரதி போடும் பாட்டு மறு பக்கம். அவர் பாட்டை அமுக்க உங்கள் பாட்டைக் கூட்டுகிறீர்கள். அது 90ஐத் தொட்டால், பாதி வழி தாண்டி வரும் குருநாகலை நெருங்கும்போதே வாரம் முழுவதற்குமான பங்கு தீர்ந்துவிடும். 100ஐத் தொட்டால் கந்தளாய்க் குளத்தைக் காணுமுன்பே முடிந்துவிடும். மிச்ச வழியெல்லாம் கடன்.

அந்தச் சில்வண்டுச் சத்தம் களைத்துப்போன செவி போடும் முறைப்பாடு. உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு. அதற்குள் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள். களைத்தவை ஓய்வெடுத்தால் தேறும், செத்தவை மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. உயர்ந்த சுருதியை உணர்பவைதான் பெரும்பாலும் முதலில் போகும். என் அப்பா முப்பது வருடம் எஞ்சின் படகில் கடலுக்குப் போனவர். கடைசிக் காலத்திலும் கோயில் தவில் அவருக்கு நன்றாகக் கேட்டது. பேத்தி, "சீனி போடவா, தாத்தா?" என்றால், "மீன் காலையிலேயே வாங்கிவிட்டேனே" என்பார். நாங்கள் சிரித்தோம். உயர்ந்த சுருதியுள்ள சகரம் கேட்காமல் போவது என்னவென்று நான் வைத்தியம் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பஸ்ஸுக்குக் காதை மூடி உட்காரும் ஹெட்போன், முடிந்தால் இரைச்சல் நீக்கும் வகை, வாங்குங்கள். எஞ்சினின் உறுமலை அது நன்றாகவே அடக்கும். பிறகு பாட்டைக் கூட்டத் தேவை இருக்காது. வீதியில் நடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள், ஹோர்ன் கேட்கவேண்டும். வேலையில் ஒரு காதில் மட்டும் மாட்டாதீர்கள். இரண்டு காதாலும் கேட்டால் அதே பேச்சு குறைந்த சத்தத்திலேயே விளங்கும். மின்விசிறி தலைக்கு மேல் இரைந்தால் அதையும் ஒரு படி குறையுங்கள். மணிக்கொருமுறை எழுந்து காதுக்குக் கொஞ்சம் காற்றுக் காட்டுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்று அம்மா சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லையா? சத்தம் கூடிவிட்டது. அம்மாவைவிட நல்ல மீற்றர் கடையில் கிடையாது!

ஒருமுறை கேள்திறன் சோதனை செய்து தாளைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் ஒப்பிட உதவும். சில்வண்டு ஒரு நாளைத் தாண்டியும் நின்றால் காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பாருங்கள். ஒரு காது திடீரென மந்தமானால் அன்றைக்கே போகவேண்டும். அதற்கான சிகிச்சை தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும்.

கேள்வி: 12 வயது மகன் ஒன்லைன் வகுப்புக்கு நாள் முழுக்க இயர்போன் மாட்டுகிறான். காது அடைக்கிறது என்கிறான். எண்ணெய் விடலாமா?
– வாசகர், பாலையூற்று

பதில்: முதலில் குறும்பி இருக்கிறதா என்று வைத்தியர் பார்க்கட்டும். காதுக்குள் செருகும் இயர்போன் குறும்பியை உள்ளே தள்ளி அடைக்கக்கூடும். செவிப்பறையில் ஓட்டை இருந்து எண்ணெய் விட்டால் வேறு வம்பு. பஞ்சுக் குச்சியும் வேண்டாம். பிள்ளைகளுக்கு அளவு 75 டெசிபல்தான். வீட்டில் வேறு சத்தம் இல்லாத நேரம் வகுப்பை ஸ்பீக்கரில் போடுங்கள். கணக்கு வாத்தியார் சொல்வதை நீங்களும் கேட்கலாம்.