தேளி மீன் ஓயாமல் மேலே வருகிறதே, நோயா?

கேள்வி: 15 சென்ட் பண்ணைக் குட்டையில் 6,000 தேளிக் குஞ்சுகள் விட்டு மூன்று மாதம் ஆகிறது ஐயா. தண்ணீர் ஆறடி நிற்கிறது. மீன்கள் ஓயாமல் மேலே வந்து வாய் திறந்துவிட்டுப் போகின்றன. வலை இழுத்தால் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் சிக்குவதில்லை. செத்து மிதக்கவும் இல்லை. தண்ணீரில் காற்று கலக்கும் ஏரேட்டர் வாங்க வேண்டுமா? இவற்றையே தாய் மீனாக வைத்துக் குஞ்சு எடுக்கலாமா?

பதில்: மேலே வருவது தேளியின் இயல்பு. அதன் செவுள் அறையிலிருந்து குழாய் போன்ற இரண்டு காற்றுப் பைகள் புறப்பட்டு, முதுகெலும்பின் இரு பக்கமும் தசைக்குள்ளாக வால் பக்கம் வரை நீள்கின்றன. வாயால் பிடித்த காற்று இவற்றில் தங்கி ரத்தத்துக்கு ஆக்சிஜன் தருகிறது. நல்ல தண்ணீரிலும் தேளி காற்றுக்கு வரும். வெயில் ஏறினாலோ தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலோ இன்னும் அடிக்கடி வரும். சட்டென்று வந்து, ஒரு வாய் காற்று பிடித்து, உடனே அடியில் போய்விட்டால் கவலை வேண்டாம். மேல்மட்டத்திலேயே செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு, கரையில் ஆள் நடந்தாலும் மூழ்காமல், மாலைத் தீவனத்தையும் எடுக்காமல் இருந்தால்தான் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று பொருள்.

காற்றைச் சுவாசிக்கும் மீனுக்குத் தண்ணீர் எப்படி இருந்தால் என்ன என்று பலர் விட்டுவிடுவதில்தான் நட்டம் வருகிறது. ஆக்சிஜனை வெளியிலிருந்து எடுத்தாலும், கரியமில வாயுவின் பெரும்பகுதியையும் அமோனியாவையும் செவுள், தோல் வழியாகத் தண்ணீரில்தான் தள்ள வேண்டும். அமோனியாவை யூரியாவாக மாற்றிக்கொள்ளும் திறன் தேளிக்கு இருப்பதால் கெண்டை சாகிற தண்ணீரிலும் இது சாகாது. ஆனால் தீவனம் குறையும், வளர்ச்சி நிற்கும், தோலில் சிவப்புத் திட்டு விழுந்து புண்ணாகும். செதில் இல்லாத மீன். சிறு காயம் போதும், கிருமி உள்ளே போய்விடும். ஆகவே ஏரேட்டருக்குப் போடும் பணத்தைத் தண்ணீர் மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அடித் தண்ணீரில் கால்பங்கை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். அமோனியா வாடை அடிக்கிறது என்று அவசரப்பட்டுச் சுண்ணாம்பு போடாதீர்கள். காரத்தன்மை ஏறினால் இருக்கிற அமோனியாவின் நச்சும் கூடும். இரண்டு நாள் தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மாற்றுவதே சரி.

ஆறடி ஆழம் தேளிக்கு அதிகம். ஒவ்வொரு மூச்சுக்கும் அடியிலிருந்து மேலே ஏறி இறங்குவதில் தின்ற தீவனத்தின் ஒரு பகுதி செலவாகிவிடும். குஞ்சுப் பருவத்தில் இது இன்னும் கடுமை. நாற்றங்கால் தொட்டியில் ஒன்றரை அடி, வளர்ப்புக் குட்டையில் மூன்று முதல் மூன்றரை அடி போதும். ஆழம் குறைந்தால் தண்ணீர் சுடும் என்பதால் ஒரு மூலையில், பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மூங்கில் சட்டம் கட்டி ஆகாயத்தாமரை விடுங்கள். காற்றுக்கு வரும் மீனைக் கொக்கும் நீர்க்காகமும் கொத்துவதும் இதனால் குறையும்.

எண்ணிக்கை பற்றி: வலையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தேளி பகலில் அடிச்சேற்றில் ஒண்டியிருக்கும், இரவில்தான் இரை தேடும். இழுவலை அதன் மேலாகப் போய்விடும். இரண்டடி நீளத்தில் வெட்டிய பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டாகக் கட்டி மாலையில் அடியில் போட்டு வையுங்கள். மறுநாள் காலை கீழே கைவலை பிடித்தபடி தூக்கினால் உள்ளே ஒளிந்தவை கிடைக்கும். அவற்றை எடை போட்டுச் சராசரி பாருங்கள். சராசரி 20 கிராம், மீன் 3,000 என்று வைத்தால் மொத்தம் 60 கிலோ. அதில் 3 விழுக்காடு, அதாவது 1.8 கிலோ ஒரு நாள் தீவனம். புரதம் 30 முதல் 35 விழுக்காடு இருக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கை இருட்டும் நேரத்தில் கொடுங்கள்.

உண்மையாகவே குறைந்திருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கரை: பெருமழையில் தண்ணீர் ஓடும் திசை பார்த்து நெளிந்து போய்விடும். மதகுக்குக் கம்பி வலையும், கரையைச் சுற்றி உள்பக்கம் சாய்ந்த இரண்டடி நைலான் வலையும் வேண்டும். மற்றது, குஞ்சுகளின் அளவு. சிறியதும் பெரியதும் கலந்து விட்டிருந்தால் பெரியது சிறியதைத் தின்றிருக்கும், உடல் எப்படி மிதக்கும்? விடும் முன் அளவு பிரிப்பது அதற்காகத்தான். 15 சென்ட்டுக்கு 6,000 என்பதும் இரட்டிப்பு. சென்ட்டுக்கு 200 வீதம் 3,000 விட்டிருந்தால் போதும்.

தாய் மீனுக்கு ஓராண்டு ஆக வேண்டும். மழைக்காலத்தில் பெண் மீனின் வயிறு உப்பி மென்மையாக இருக்கும், இனப்புழை மொட்டு உருண்டையாகச் சிவந்திருக்கும். ஆணுக்கு அது கூராக நீண்டிருக்கும். ஆழமாகத் தேங்கிய குட்டையில் தானாக முட்டையிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மழைவெள்ளம் புதிதாகப் பரவிய ஆழமில்லாத இடம்தான் அதற்குத் தோது. ஹார்மோன் ஊசி போட்டு எடுப்பதே வழக்கம். பசுமை கலந்த, ஒட்டும் முட்டை ஏறக்குறைய ஒரு நாளில் பொரியும். மூன்று நான்கு நாளில் கரு உணவு தீர்ந்ததும் உயிருள்ள நுண்ணிரை தயாராக இருந்தாக வேண்டும். பெரும்பாலான குஞ்சுகள் இந்த இடத்தில்தான் போகின்றன. பொரிப்பக வேலை பழகாதவர் முதல் இரண்டு ஆண்டு குஞ்சு வாங்குவதே மேல்.

வாங்கும்போது முதுகுத் துடுப்பைப் பாருங்கள். தேளிக்கு அது ஆறேழு கதிர் கொண்ட சின்னத் துடுப்பு. முதுகு முழுக்க நீண்டிருந்தால் அது கெளுத்தி இனம். அதிலும் இந்தியாவில் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருந்தால் வம்பு.

குட்டையை வடித்துக் கையால் பிடிக்கும்போது மார்புத் துடுப்பு முட்களில் கவனம். மிரண்டால் விறைத்து நிற்கும். விஷமுள்ளது, துணிக் கையுறையைத் துளைத்துவிடும். தடித்த ரப்பர் கையுறையும் கைவலையும் வேண்டும். குத்தினால் முள் துண்டை எடுத்து, கழுவி, பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்தால் வலி தணியும். குத்து வாங்காத கையை முதலில் விட்டுச் சூடு பாருங்கள், வலியில் மரத்த கைக்கு வெந்தது தெரியாது. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வீக்கம் ஏறினாலோ மூச்சுத் திணறினாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.