ஆயில் ஃபில்டர் பைபாஸ் வால்வை அடைக்கலாமா? கேள்வி பதில்

ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 என்ஜின் வைத்திருப்பவர்களிடம் ஒரு யோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது: ஃபில்டரைச் சுற்றி ஆயிலுக்கு வழிவிடும் பைபாஸ் வால்வைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளைக்குப் பிளக் போட்டுவிட்டால் ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியாகத்தானே போயாக வேண்டும்? இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது 1974 மாடல் 350 கன அங்குல என்ஜின். இந்த வால்வு எங்கே இருக்கிறது?

ஃபில்டரைக் கழற்றிவிட்டு மேலே பாருங்கள். பிளாக்கில் இரண்டு போல்ட்டில் ஒரு அடாப்டர் நிற்கும். ஃபில்டர் திருகும் மரை அதில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்ப்ரிங் தள்ளிப் பிடித்திருக்கும் சின்ன வட்டத் தட்டுதான் வால்வு. ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்த வித்தியாசம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தட்டு விலகும், ஆயில் வடிகட்டப்படாமல் நேராகக் கேலரிக்கு, அதாவது பேரிங்குகளுக்கு ஆயில் கொண்டுபோகும் பாதைக்குப் போகும். 1955இல் முதலில் வந்த 265 கன அங்குல என்ஜின் பிளாக்கில் ஃபில்டருக்கு இடமே இல்லை, அடுத்த வருடம்தான் வந்தது. 1968 முதல் இப்போது நாம் திருகி மாட்டும் டப்பா ஃபில்டர்.

கேள்வி: அழுக்கு ஆயில் பேரிங்குக்குப் போவதை விட அடைப்பதே மேல் இல்லையா?

இல்லை. அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிட பம்ப்பில் இருக்கும் ரிலீஃப் வால்வு வேறு, இது வேறு. பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ரிலீஃப் வால்வு ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறது. நீங்கள் பைபாஸை அடைத்துவிட்டீர்கள், குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கிறது, அல்லது ஃபில்டர் பேப்பர் அடைத்துப்போயிருக்கிறது என்று வையுங்கள். பம்ப் தள்ளும் ஆயில் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பி வந்துவிடும். பம்ப் நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் கிராங்க் பேரிங் காய்கிறது. சூடாகாத என்ஜினை அந்த நேரத்தில் முறுக்கினால் இன்னும் மோசம். பம்ப்பின் முழு அழுத்தத்தையும் பேப்பர் தாங்க வேண்டியிருக்கும். அது உள்வாங்கிக் கிழிந்தால், அதுவரை பிடித்துவைத்த அழுக்கும் பேப்பர் துண்டும் சேர்ந்து கேலரிக்குள் போகும். எதைத் தடுக்க நினைத்தீர்களோ அதுவே பல மடங்காக நடக்கும்.

கொஞ்ச நேரம் வடிகட்டாத ஆயில் ஓடினால் பேரிங் சற்றுத் தேயும், அவ்வளவுதான். ஆயிலே வராவிட்டால் பேரிங் பிடித்துவிடும். ரோட்டில் ஓடும் வண்டியில் இந்த வால்வை அடைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஸ்ப்ரிங்குக்கு ஒரு வாஷர் வைத்துக் கொஞ்சம் இறுக்கலாமா?

வேண்டாம். வாஷர் வைத்தால் எத்தனை பிஎஸ்ஐ அழுத்தத்துக்குத் திறக்கும் என்று உங்களுக்கே தெரியாது. தட்டு முழுதாக விலகவும் இடம் குறைந்துவிடும். கூடுதல் அழுத்தத்தில் திறக்கும் வால்வு இதே பிளாக்குக்குத் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள். அப்போது ஃபில்டரையும் பாருங்கள். டப்பாவுக்குள்ளும் ஒரு பைபாஸ் இருந்தால், இரண்டில் குறைந்த அழுத்தத்துக்குத் திறப்பதுதான் முதலில் திறக்கும். நீங்கள் மாற்றிய வால்வு சும்மா உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: சார், ஃபில்டரை ஹோஸ் போட்டுத் தள்ளி மாட்டியிருக்கிறேன், ஆயில் கூலரும் உண்டு. என் மெக்கானிக் அடைக்கத்தான் சொல்கிறார்.

உங்கள் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த ஒரு அமைப்புக்கு என் பதில் வேறு. பிளாக்கில் உள்ள வால்வின் மேல் விழுவது ஃபில்டரின் தடை மட்டுமல்ல. போகிற ஹோஸ், கூலர், வளைவான ஃபிட்டிங், திரும்பி வரும் ஹோஸ் எல்லாவற்றிலும் குறையும் அழுத்தம் மொத்தமாக அதன் மேல் விழும். அதனால் ஃபில்டர் புதிதாக இருந்தாலும் வால்வு திறந்துகொள்ளும். கூலருக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பங்கு குறுக்கு வழியில் ஓடிவிடும். இங்கே பிளாக்கில் பிளக் போடலாம், ஆனால் ஒரு நிபந்தனை: தள்ளி மாட்டிய ஃபில்டர் தலையிலோ ஃபில்டருக்குள்ளோ கட்டாயம் ஒரு பைபாஸ் இருக்க வேண்டும். இந்த பிளாக்குக்கென்று விற்கும் சில டப்பாக்களில் உள் பைபாஸ் கிடையாது, வால்வு பிளாக்கிலேயே இருப்பதால். அதை மாட்டிவிட்டுப் பிளக்கும் போட்டால் பைபாஸே இல்லாத என்ஜின்தான் உங்களிடம் இருக்கும். ஹோஸ் உள்விட்டத்திலும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: ரேஸ்காரர்கள் அடைக்கிறார்களே?

அவர்கள் ஆயிலைச் சூடாக்கிவிட்டுத்தான் என்ஜினை முறுக்குவார்கள். ஃபில்டரை அடிக்கடி மாற்றி, வெட்டிப் பார்ப்பார்கள். என்ஜினையும் சீக்கிரமே பிரித்துவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்வீர்களா?

கேள்வி: சுபாரு ஃபில்டரில் 23 பிஎஸ்ஐ வால்வு இருக்கிறதாம். அதை என் ஷெவர்லேயில் போடலாமா?

சுபாரு பம்ப்புக்கும் அதன் ஆயில் ஓட்டத்துக்கும் பார்த்து வைத்த எண் அது. மரை, கேஸ்கெட் அளவு எல்லாம் பொருந்தினால்கூட உங்கள் பிளாக் வால்வு அதற்கு முன்பே திறந்துவிடும். பலன் இல்லை.

கேள்வி: சரி, வால்வு அடிக்கடி திறக்காமல் இருக்க வேறு என்ன வழி?

ஃபில்டரின் தடையைக் குறையுங்கள். குளிர் ஊரில் 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டு வால்வைக் குறை சொல்லக் கூடாது, 10டபிள்யூ-30 போன்ற இளகிய ஆயிலுக்கு மாறுங்கள். இடம் இருந்தால் நீளமான ஃபில்டர் போடுங்கள். பேப்பரின் பரப்பு கூடும், தடை குறையும். ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். என்ஜினைக் கட்டும்போது பழைய அடாப்டரைக் கழுவி அப்படியே மாட்டாமல் புது வால்வு போடுங்கள். தட்டு தேய்ந்தோ ஸ்ப்ரிங் தளர்ந்தோ இருந்தால் அது எப்போதும் லேசாகத் திறந்தே கிடக்கும்.

கேள்வி: திறக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபில்டரைத் தள்ளி மாட்டியவர்களுக்கு எளிது. ஃபில்டருக்கு முன்னால் ஒரு கேஜ், பின்னால் ஒரு கேஜ் வைத்து, குளிரிலும் சூட்டிலும் இரண்டின் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சூடான ஆயிலில் வித்தியாசம் சில பிஎஸ்ஐதான் வர வேண்டும். அது வால்வு திறக்கும் எண்ணை நெருங்கினால் ஃபில்டரை மாற்றுங்கள்.