பதினேழு விநாடி

அன்புள்ள சார்,

எனக்கு 51 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு நடக்க ஆரம்பித்து, அப்படியே ஓட்டத்துக்கு வந்தவன். போன ஜனவரியில் 10 கிலோமீட்டரை 1 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தேன். மெடலை பீரோ கைப்பிடியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் பையன், கென்யாவின் மாரத்தான் வீரர் கிப்சோகே வியன்னாவில் இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தான் தூரத்தை ஓடிய வீடியோவைக் காட்டினான். ஒவ்வொரு 10 கிலோமீட்டரையும் 28 நிமிடச் சொச்சத்தில் கடக்கிறார். அப்படி நான்கு பத்துகள், அதற்கு மேலும் 2 கிலோமீட்டர். மறுநாள் காலை ஷூ லேஸ் கட்டும்போது கூச்சமாக இருந்தது. நாம் செய்வதற்கும் ஓட்டம் என்றுதான் பெயரா? ஆபீஸ் நண்பர் "அவங்க பிறவியே வேற, விடுங்க சார்" என்கிறார். நீங்களும் ஓடுகிறவர் என்பதால் கேட்கிறேன். இதையெல்லாம் பார்க்காமல் இருப்பதுதான் நல்லதா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

தாராளமாகப் பாருங்கள். ஆனால் போனில் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். கேமரா வண்டி அவர் கூடவே அதே வேகத்தில் போகிறது. சுற்றிலும் ஓடுகிறவர்களும் அதே வேகம். அதனால் ஆள் இருந்த இடத்திலேயே மிதப்பது போலிருக்கும். 2019 அக்டோபர் 12 அன்று நானும் அதை நேரலையில் பார்த்தேன். 1 மணி 59 நிமிடம் 40 விநாடி என்று திரையில் வந்ததும் கைதட்டினேன். அப்புறம் சாப்பிடப் போய்விட்டேன். அவ்வளவுதான் என் வியப்பு.

சாயங்காலம்தான் கால்குலேட்டரை எடுத்தேன். 42,195 மீட்டர், 7,180 விநாடி. 100 மீட்டருக்கு 17 விநாடி. 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்றுக்கு 68. அப்படி 105 சுற்று, அதற்கு மேல் ஒரு அரைச் சுற்று.

பதினேழு விநாடி என்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பள்ளிக்கூட நாளில் நானே 15-இல் ஓடியிருக்கிறேன். சரி, ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். அங்கே கபடி பயிற்சிக்கு வரும் பையன் ஒருவனிடம் போனைக் கொடுத்து, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் நேரத்தைக் கத்தச் சொன்னேன். அவன் என் கூடவே உள்பக்கமாகக் குறுக்கே ஓடி வந்தான், பேச்சுக்கும் மூச்சு வைத்துக்கொண்டு. முதல் நூறு பதினேழரை. பரவாயில்லையே என்று நினைத்தேன். இருநூறு வருவதற்குள் வாயில் இரும்பு ருசி. தொடை இரண்டும் யாருடையவோ மாதிரி ஆகிவிட்டன. கடைசி வளைவில் நான் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல மாட்டேன். கோட்டைத் தொட்டபோது 91 விநாடி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். "உட்காந்துடாதீங்க சார், நடங்க நடங்க" என்றான் பையன்.

கிப்சோகே பக்கத்தில் ஓடியிருந்தால் அப்போது என்னைவிட 130 மீட்டருக்கு மேல் முன்னே போயிருப்பார். இன்னும் நூற்று நான்கு சுற்றுக்கு மேல் பாக்கி வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு. (கஷ்டமான இடங்களில் அவர் சிரிப்பது பழக்கம். வலியை ஏமாற்றும் உத்தி என்கிறார்கள்.) முந்தைய நாள் வராத வியப்பு எனக்கு அங்கேதான் வந்தது. கண் வழியாக அல்ல, நுரையீரல் வழியாக.

வியன்னா ஓட்டம் கணக்கில் சேராது என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். உண்மைதான், அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. 41 பேர் முறை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஓடிக் காற்றைத் தடுத்தார்கள். முன்னால் போன கார் சாலையில் லேசர் கோடு போட்டு வேகம் காட்டியது. சரி, அதை விட்டுவிடுவோம். 2023 அக்டோபரில் சிகாகோவில் இன்னொரு கென்ய வீரர் கெல்வின் கிப்டும் முறையான போட்டியில் ஓடியது 2 மணி 35 விநாடி. 100 மீட்டருக்கு என்று வகுத்தால் வித்தியாசம் விநாடியில் சுமார் எட்டில் ஒரு பங்கு. எனக்கு அதைவிட ஆச்சரியம் வேறு. முதல் பாதி 60 நிமிடம் 48 விநாடி, இரண்டாம் பாதி 59 நிமிடம் 47 விநாடி. 30 கிலோமீட்டர் தாண்டினால் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்துபோய், நம்மைப் போன்றவர்கள் விளக்குக் கம்பத்தை எண்ணிக்கொண்டு நடக்கிற இடம் அது. அங்கே அந்தப் பையன் வேகத்தைக் கூட்டுகிறான். பையன் என்று எழுதிவிட்டேன், 23 வயதுதான். அது அவருடைய மூன்றாவது மாரத்தான், கடைசியும் கூட. நான்கு மாதத்தில் கார் விபத்தில் போய்விட்டார்.

ஷூதான் காரணம் என்றும் சொல்வார்கள். கார்பன் தகடு வைத்த ஷூ ஒன்றை நானும் கையைக் கடிக்கிற விலைக்கு வாங்கினேன். கெண்டைக்கால்தான் பிடித்துக்கொண்டது.

"பிறவியே வேற" என்பதில் பாதி சரி. கென்யாவின் அந்த மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் உடம்பு குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகியது, கால்களும் மெலிந்தவை. ஆனால் அதே மேட்டில் பிறந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்களே. வாரத்துக்கு 200 கிலோமீட்டர் ஓடிவிட்டு, கப்டகாட் பயிற்சி முகாமில் முறை வரும்போது கழிவறையும் கழுவுகிற கிப்சோகே ஒருவர்தான். எனக்கென்னவோ அந்த வாக்கியத்தை நாம் வியப்பதற்காகச் சொல்வதில்லை, பேச்சை முடிப்பதற்காகச் சொல்கிறோம் என்று தோன்றுகிறது.

உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். 1968 அக்டோபர் 18, மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக். நீளம் தாண்டுதலில் அமெரிக்காவின் பாப் பீமன் தன் முதல் தாண்டலிலேயே எங்கோ போய் விழுந்தார். தூரம் அளக்கத் தண்டவாளம் போன்ற ஒன்றில் நகரும் கருவி வைத்திருந்தார்கள். அது அவர் விழுந்த இடம் வரை எட்டவில்லை. பழைய இரும்பு டேப்பைத் தேடிக் கொண்டுவந்து அளந்தார்கள். 8.90 மீட்டர். அதுவரை உலக சாதனை 8.35. பீமனுக்கு மீட்டர் கணக்கு புரியவில்லை. 29 அடி தாண்டிவிட்டது என்று கூட இருந்தவர் சொன்னதும் கால் துவண்டு தரையில் சரிந்துவிட்டார். காற்று மெலிந்த ஊர், முதுகுக்குப் பின்னால் விதி அனுமதிக்கிற உச்ச அளவுக்குக் காற்று என்று கழித்துப் பேசுகிறவர்கள் உண்டு. அதே ஊரில், அதே நாளில் இரண்டாவதாக வந்தவர் தாண்டியது 8.19.

இதில் நான் மறுபடி மறுபடி நினைப்பது பீமனை அல்ல, லின் டேவிஸை. முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், அன்று களத்தில் நின்றவர். இந்தப் போட்டியையே நீ அழித்துவிட்டாய் என்கிற மாதிரி பீமனிடம் சொன்னாராம். அரங்கில் இருந்தவர்களுக்கு அது ஒரு நல்ல தாண்டல். டேவிஸுக்கு மட்டும் அந்த 55 சென்டிமீட்டரில் ஒவ்வொன்றும் என்ன விலை என்று தெரியும். உங்கள் பையன் வீடியோவைப் பார்த்து "செமப்பா" என்றிருப்பான். உங்களுக்குக் கூசியது. 10 கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்று அந்த வீட்டில் உங்கள் காலுக்கு மட்டும்தானே தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் இந்த 8.90-ஐ அளந்தேன். டேப்பின் ஒரு முனையை மகள் பிடித்துக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி, துணிக்கொடியைத் தாண்டி, கைப்பிடிச் சுவர் வரை வந்துவிட்டது. சாக்பீஸில் கோடு போட்டு நடந்து பார்த்தேன், 13 எட்டு. துணி எடுக்க வந்த என் மனைவி கோட்டைப் பார்த்துவிட்டு, "இங்க என்னங்க ரூம் எடுக்கப் போறீங்களா?" என்றாள். ஒரு ஆள் ஒரே தாண்டலில் கடந்த தூரம் என்றேன். நம்பவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் ஒரு தடவை நடந்து எண்ணிவிட்டுத்தான் இறங்கினாள்.

அதிலிருந்து பழக்கமாகிவிட்டது. சமையலறைச் சுவரில் 1.89 மீட்டருக்குப் பென்சில் கோடு ஒன்று இருக்கிறது. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய உயரம். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர். கோடு என் தலைக்கு மேல் கிட்டத்தட்ட ஒரு சாண். கியூபாவின் சோட்டோமயோர் 1993-இல் தாண்டிய 2.45-க்கு ஸ்டூல் போட வேண்டியிருந்தது. ஏழடி வாசல் நிலைக்கு மேலே இன்னும் ஒரு அடி. கால்பந்து கோல் கம்பமே 2.44 தான்.

நீங்களும் ஒரு ஞாயிறு மைதானத்துக்குப் போங்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உடம்பை நன்றாகச் சூடேற்றிக்கொண்டு, 100 மீட்டர் மட்டும். பையனைக் கூட்டிப்போய் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவனையும் ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு நீங்கள் நேரம் பாருங்கள். இரண்டு கணக்கையும் எழுதி அனுப்புங்கள்.

அப்புறம், சர்க்கரை இப்போது எவ்வளவு என்று எழுதவே இல்லையே?