கேள்வி–பதில்: குத்பாவில் சத்தம்

கேள்வி: எங்கள் ஜும்ஆப் பள்ளியில் மௌலவி முக்கால் மணி நேரம் உரத்த குரலில் குத்பா (வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன் செய்யும் உரை) ஓதுகிறார். வெளி விறாந்தையில் இருப்பவர்களுக்கு இரைச்சல்தான் கேட்கிறது. இப்படிச் சத்தம் போடுவது சுன்னத்துக்கு, அதாவது நபிவழிக்கு, மாறில்லையா?
– வாசகர், சாய்ந்தமருது

பதில்: சத்தத்தில் குற்றம் பிடிக்காதீர்கள். குத்பா ஓதும்போது நபி (ஸல்) அவர்களின் கண்கள் சிவக்கும், குரல் உயரும், படை வருகிறதென்று எச்சரிப்பவரைப் போல இருப்பார்கள் என ஜாபிர் (ரழி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தொழுகையை நீட்டிக் குத்பாவைச் சுருக்குவது ஒருவரின் மார்க்க விளக்கத்துக்கு அடையாளம் என்று அம்மார் (ரழி) அறிவிப்பதும் அதே கிரந்தத்தில்தான். நீங்கள் கேட்க வேண்டியது முக்கால் மணி நேரத்தைப் பற்றி.

ஷாபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) குத்பாவின் பர்ளு, அதாவது கட்டாயப் பகுதிகள், ஐந்து. ஹம்து (அல்லாஹ்வைப் புகழ்தல்), ஸலவாத்து (நபிக்காக வேண்டுதல்), தக்வாவைக் கொண்டு வஸிய்யத்து (இறையச்சத்தோடு நடக்கச் சொல்லுதல்) ஆகிய மூன்றும் குத்பாவின் இரு பகுதியிலும் வேண்டும். ஏதாவதொன்றில் ஓர் ஆயத்து (குர்ஆன் வசனம்), இரண்டாவதில் முஃமின்களுக்கு (இறைநம்பிக்கையாளர்களுக்கு) துஆ. நிறுத்தி ஓதினாலும் ஐந்து நிமிடம் போதும். தமிழில் சொல்லும் நஸீஹத்துக்குப் (அறிவுரைக்குப்) பதினைந்து நிமிடம் தாராளம். வட்டையில் (வயலில்) வேலையை விட்டுவிட்டு வந்தவரும் அந்த ஸஃப்பில்தான் (தொழுகை வரிசையில்தான்) இருக்கிறார்.

நீளுவதற்குக் காரணம் மைதான பயான் (மார்க்கச் சொற்பொழிவு) பழக்கம். அங்கே கடைசிச் சொல்லை இழுத்து நிறுத்தினால் சனம் “சுப்ஹானல்லாஹ்” என்னும், “விளங்குதா?” என்றால் பதில் வரும். குத்பாவில் சபை வாய்மூடி இருக்க வேண்டும். பதில் வராத இடத்தில் பேச்சாளர் அதையே இன்னும் உரத்துத் திருப்பிச் சொல்கிறார். நேரம் அங்கேதான் போகிறது.

இரைச்சலுக்கு மௌலவி மட்டும் பொறுப்பில்லை. டைல்ஸ் பதித்த தரை, கண்ணாடி ஜன்னல், அதற்கு மேல் கிராஅத்துக்காக (குர்ஆன் ஓதுவதற்காக) ஒலிபெருக்கியில் கூட்டி வைத்த எக்கோ. வெள்ளிக்கிழமை காலையிலேயே எக்கோவை முழுதாகக் குறைத்துவிடச் சொல்லுங்கள். மைக் வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கட்டும்; குரல் உயரும் இடத்தில் மௌலவி ஒரு சாண் பின்வாங்க வேண்டும். ஒலிபெருக்கி மைக்கைப் பார்த்தபடி இருந்தால் கூவும், திருப்பி வையுங்கள். விறாந்தைக்குத் தனியாகச் சின்னப் பெட்டி ஒன்று வைத்தால் உள்ளே சத்தத்தைக் கூட்டத் தேவையில்லை.

இன்னொன்று. குத்பா நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் “பேசாதே” என்று சொல்வதே வீண் பேச்சு என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. போனைத் தூக்கி வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் போட்டு மௌலவியைக் குறை சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நிர்வாகத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பிறகு அவரிடமே போய், நேரத்தையும் மைக்கையும் பற்றி மட்டும் பேசுங்கள்.