ஹெட்லைட் மங்கலா? பல்பை மாற்றும் முன் சுவரில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்

உசிலம்பட்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"ஐயா, வாரத்தில் நான்கைந்து நாள் முந்தின நாள் பறித்த செண்டுப்பூவை மூட்டை மூட்டையாகக் காரின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு, விடியற்காலை மூன்று மணிக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறேன். பத்து வருடப் பழைய ஹேட்ச்பேக், எச்4 ஹாலஜன் பல்பு. செக்கானூரணி தாண்டும்வரை ரோடு சரியாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் டிம்மில்தான் ஓட்டுகிறேன், அப்படியும் எதிரே வருகிறவர்கள் லைட் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறார்கள். பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் '200 வாட் எல்.இ.டி. போட்டுத் தருகிறோம், பகல் மாதிரி இருக்கும்' என்கிறார்கள். போடலாமா? கூடவே முன்னால் இரண்டு ஃபாக் லைட்டும் வைக்கலாமா?"

எல்.இ.டி. பல்பு இப்போதைக்கு வேண்டாம். ஃபாக் லைட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு புகார் இருக்கிறது. ரோடு தெரியவில்லை, ஆனால் எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசுகிறது. பல்பில் வெளிச்சமே இல்லையென்றால் எதிராளிக்கு எப்படிக் கூசும்? வெளிச்சம் இருக்கிறது. ரோட்டில் விழ வேண்டியது மேலே போய்க்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் இன்னும் பிரகாசமான பல்பு போட்டால், மேலே போகிற வெளிச்சம்தான் அதிகமாகும்.

அது ஏன் மேலே போகிறது என்பதற்கு முதல் சந்தேகம் உங்கள் பூ மூட்டைகள்மேல்தான். உங்கள் மாதிரிச் சின்னக் காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 2.4 மீட்டர் தூரம். மூட்டை ஏற்றியதும் பின்பக்கம் 4 சென்டிமீட்டர் இறங்கினால், காரின் மூக்கு ஒரு டிகிரி தூக்கிக்கொள்ளும். ஒரு டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். ஹெட்லைட் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒழுங்காகச் செட் செய்த டிம் வெளிச்சம் 65 மீட்டர் தள்ளி ரோட்டில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு டிகிரியில், அதே 65 மீட்டரில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு தரைக்கு மேலே 113 சென்டிமீட்டரில் நிற்கும். எதிரே காரில் வருகிறவரின் கண் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கும். நீங்கள் டிம்மில் போனாலும் அவருக்கு அது பிரைட்தான்.

சரி, எல்.இ.டி. ஏன் வேண்டாம்? கண்ணாடியில் விரல் படாமல் உங்கள் எச்4 பல்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இரண்டு ஃபிலமென்ட், அதாவது சூடாகி ஒளிர்கிற கம்பிச்சுருள், இருக்கும். முன்னால் இருப்பது டிம்முக்கு, பின்னால் இருப்பது பிரைட்டுக்கு. டிம் ஃபிலமென்ட்டுக்கு அடியில் மட்டும் ஒரு சின்னத் தகட்டுக் கிண்ணம் இருக்கும். உங்கள் ஹெட்லைட்டின் சூட்சுமமே அந்தக் கிண்ணம்தான். பல்பைச் சுற்றியிருக்கும் வெள்ளிப்பூச்சுக் குழியான ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் விழுகிற வெளிச்சம் திரும்பி மேல்நோக்கிப் போகும். அதனால் கீழே விழாதபடி கிண்ணம் அதை மறைத்துவிடுகிறது. மேல்பாதியில் பட்டுத் திரும்புவது மட்டும் ரோட்டில் இறங்குகிறது. கிண்ணத்தின் ஒரு விளிம்பு கொஞ்சம் சாய்வாக வெட்டியிருக்கும். அதனால்தான் இடது ஓரத்தில் நடந்து போகிறவரும் மைல்கல்லும் கொஞ்சம் தள்ளியே தெரிகிறது, வலப்பக்கம் எதிரே வருகிறவரின் முகத்தில் அடிப்பதில்லை. இவ்வளவு வேலையும் மில்லிமீட்டர் கணக்கில் நடக்கிறது.

மாற்று எல்.இ.டி. பல்பில் தட்டையான தண்டின் இரண்டு பக்கமும் சிப் ஒட்டியிருக்கும். நூல் மாதிரி மெல்லிய ஃபிலமென்ட் இருந்த அதே இடத்தில், அதே வடிவில் வெளிச்சத்தைக் கொண்டுவருவது மிகக் கடினம். விலை குறைந்த சரக்கில் அந்த முயற்சியே இருக்காது. விளைவு, வெளிச்சத்தின் மேல்விளிம்பு கலைந்து நாலாபக்கமும் சிதறும். ஃபிலமென்ட் இல்லாமல் வாயுவில் ஒளிர்கிற எச்.ஐ.டி. பல்பு கிட் இன்னும் மோசம். அந்த '200 வாட்' கணக்கையும் நம்பாதீர்கள். ஒரு பல்பு நிஜமாகவே 200 வாட் இழுத்தால் 12 வோல்ட்டில் 16 ஆம்பியருக்கு மேல் வேண்டும். உங்கள் ஹெட்லைட் ஃபியூஸ் அதற்கு முன்பே போய்விடும்.

கடையில் போட்டுக் காட்டும்போது அசத்தலாகத்தான் இருக்கும். ஆனால் பம்பருக்கு முன்னால் பத்து மீட்டரை வெள்ளை வெளேரென்று காட்டுவது ஆபத்து. கிட்டத்தில் வெளிச்சம் அதிகமாக இருந்தால் கண்ணின் பாப்பா சுருங்கிக்கொள்ளும்; தூரத்து இருட்டு மேலும் இருட்டாகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். உங்களுக்குத் தேவை அந்தத் தூரத்து வெளிச்சம்தான். இந்தக் கிட்டத்து வெளிச்சத்தைப் பார்த்து 'இப்போது நன்றாகத் தெரிகிறது' என்று ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவர்கள்தான் ரோடு குறுக்கே வருகிற ஆட்டு மந்தையைக் கடைசி நேரத்தில் பார்க்கிறார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் ஹெட்லைட் கண்ணாடி. பெயர்தான் கண்ணாடி, உங்கள் காரில் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பத்து வருடம் மதுரை வெயிலில் நின்றால் மஞ்சளடித்துப் புகைபடிந்த மாதிரி ஆகியிருக்கும். அந்தப் புகை வெளிச்சத்தைத் தடுப்பதோடு நிற்காது, மேலேயும் சிதறடிக்கும். டூத் பேஸ்ட் தேய்ப்பது சில வாரத்துக்குத்தான். 800 நம்பரில் தொடங்கி 1500, 2000, 3000 என்று உப்புத்தாளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் வெயில் தாங்குகிற கோட்டிங் அடிக்க வேண்டும். கோட்டிங் அடிக்காவிட்டால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சே கருத்திருந்தால் பாலிஷால் பலனில்லை, கம்பெனி ஹெட்லைட்டாகவே புதிதாக வாங்கி மாற்றுங்கள்.

அடுத்தது வோல்ட். பெரும்பாலான மெக்கானிக்குகள் இதைப் பார்ப்பதே இல்லை, எனக்கு இதில் தீராத ஆதங்கம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவில் இருக்கும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, பல்பின் பின்பக்கக் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பழைய வயர், தேய்ந்த ஸ்விட்ச், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட்டை விழுங்கியிருக்கும். ஹாலஜன் பல்புக்கு வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ஆகவே முதலில் எர்த் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். அப்படியும் குறைந்தால் ரிலே வயரிங் போடச் சொல்லுங்கள். இதில் பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக வரும். பழைய ஸ்விட்ச் ரிலேயை இயக்குவதோடு சரி. பைபாஸ் ரோட்டுக் கடைக்காரர் சொன்ன எல்.இ.டி.யைவிடச் செலவு குறைவாகவே ஆகும், வித்தியாசம் அன்று இரவே தெரியும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள். அது இல்லாத வயரிங் காரையே கொளுத்திவிடும்.

இப்போது சுவர். சமதளமான இடத்தில் வெள்ளைச் சுவர் ஒன்று வேண்டும். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடக் காம்பவுண்ட், எதுவானாலும் சரி. டயரில் காற்று சரியாக இருக்கட்டும். பூ மூட்டையை ஏற்றிக்கொள்ளுங்கள், டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். சுவரிலிருந்து ஹெட்லைட் 7.5 மீட்டர், அதாவது 25 அடி தள்ளி இருக்கும்படி நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்பகுதி எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து, அதே உயரத்தில் சுவரில் செல்லோடேப்பைப் படுக்கையாக ஒட்டுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு டேப்புக்கு ஏழரை முதல் பத்து சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இடக்கோடியில் மட்டும் கொஞ்சம் மேலேறும், அது சரிதான். கோடு டேப்புக்கு மேலே இருந்தால் திட்டு வாங்கிய காரணம் தெரிந்துவிட்டது.

ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் இருக்கிறதா பாருங்கள். அது இருப்பதே பாரம் ஏற்றும்போது வெளிச்சத்தைக் கீழே இறக்கத்தான். காலி வண்டியில் 0-வில் வைத்து ஹெட்லைட்டைச் செட் செய்துவிட்டு, மூட்டை ஏற்றியதும் 2 அல்லது 3-க்குத் திருப்பி மறுபடி சுவரைப் பாருங்கள். எந்த எண்ணில் கோடு சரியாக விழுகிறதோ அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் இல்லாத மாடல் என்றால் மூட்டையோடேயே செட் செய்துவிடுங்கள், நீங்கள் இருட்டில் போவது பெரும்பாலும் பாரத்தோடுதானே. பானட்டைத் திறந்தால் ஹெட்லைட்டுக்குப் பின்னால் இரண்டு திருகு இருக்கும். ஒன்று மேல்-கீழுக்கு, மற்றது இட-வலத்துக்கு. ஸ்டார் ஸ்குரூ டிரைவரால் கால் திருகாகத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு பக்கத்தைச் செட் செய்யும்போது மற்றதைத் துணியால் மூடிக்கொள்ளலாம்.

முடிந்ததும் இன்னொரு சோதனை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 106-ஆவது விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கிற ஒருவருக்குக் கூசக் கூடாது என்கிறது. வீட்டில் ஒருவரை அந்த இடத்தில், கண் அந்த உயரத்துக்கு வரும்படி நிற்கச் சொல்லிக் கேளுங்கள். கூசுகிறது என்றால் இன்னும் இறக்குங்கள். அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்க 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமிருக்கிறது, எல்.இ.டி. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

இவ்வளவும் செய்தும் வெளிச்சம் போதவில்லை என்றால் மட்டும் பல்பு. அதே 60/55 வாட்டில், ஆஸ்ராம், பிலிப்ஸ் போன்ற கம்பெனிகள் கூடுதல் வெளிச்சம் தருகிற ஹாலஜன் பல்பு விற்கிறார்கள். ஃபிலமென்ட்டும் கிண்ணமும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருப்பதால் எதிரே வருகிறவருக்குத் தொந்தரவில்லை. சாதாரண பல்பைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நீலச் சாயம் பூசியது வேண்டாம். சாயம் வெளிச்சத்தைத்தான் தின்னும். 100/90 வாட் பல்பைத் தொடவே தொடாதீர்கள், ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும்.

ஹெட்லைட் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்கும், வெளிச்சம் போகிற திசையை மாற்றாது.

ஓட்டும்போது எதிர் வெளிச்சத்தைப் பார்க்காமல், இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் போங்கள். முன்கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடைத்து வையுங்கள், அங்கே படிகிற எண்ணெய்ப்பிசுக்கு ஒவ்வொரு விளக்கையும் பெரிதாக்கிக் காட்டும். அப்புறம், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்: ஐம்பது வயதைத் தாண்டியவர் என்றால் கண்ணையும் சோதித்துக்கொள்ளுங்கள். புரை ஆரம்பிக்கும்போது எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், கூச்சம் அடங்க நேரமாகும். மதுரையிலேயே 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பூ விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு காலைப் பொழுது ஒதுக்கினால் போதும்.

ஃபாக் லைட் வைக்கலாம். ஆனால் பம்பரில், ஹெட்லைட்டுக்குக் கீழே, மேல்விளிம்பு நேராக வெட்டப்பட்ட வெளிச்சம் தருகிற நிஜ ஃபாக் லைட்டாக இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் பனியைத் துளைக்கும் என்பார்கள்; அது பலன் தருவது தாழ்வாக இருப்பதால்தான், நிறத்தால் அல்ல. மழை, மார்கழிப் பனி இரண்டுக்கு மட்டும் போடுங்கள், வானம் தெளிவாக இருக்கும் நாளில் அணைத்துவிடுங்கள். கூரைமேலோ பம்பர் மேலோ வைக்கிற நீள எல்.இ.டி. பட்டை தோட்டத்துக்குள் வேலை செய்யத்தான். நீங்கள் வருகிற தேனி ரோட்டில் அதைப் போடாதீர்கள்.