போதைச் சிகிச்சை: வாசகர் கேள்வி, வல்லுநர் பதில்

கேள்வி: என் தங்கைக்கு 27 வயது. ‘ஐஸ்’ (மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள்) பழக்கத்துக்கு வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறுகிறாள். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவள். சிறுநீர் எடுக்கும்போது பணியாளர் பக்கத்தில் நின்று பார்ப்பதால் நடுங்கிப்போகிறாள், சிறுநீரே வருவதில்லை. ‘மறுத்தார்’ என்று எழுதிவிட்டார்களாம். என்ன செய்யலாம்? (வாசகி, ஈசூன்)

பதில்: போதைப்பொருள் சட்டத்தின்கீழ் அதிகாரிகள் கேட்கும் சிறுநீர்ச் சோதனை வேறு. தகுந்த காரணமின்றி அதை மறுப்பதே குற்றம். மருத்துவக் குழு சிகிச்சைக்காக எடுப்பது வேறு. இதில் பேசி மாற்றிக்கொள்ள இடமுண்டு.

பக்கத்தில் நிற்பது, மாதிரி அவருடையதுதானா என்று உறுதிசெய்யத்தான். அதற்குக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. பையையும் மேலங்கியையும் வெளியே வைக்கச் சொல்லிவிட்டுப் பணியாளர் கதவுக்கு வெளியே நிற்கலாம். மாதிரியில் தண்ணீர் கலந்தால் தெரியும்படி கழிவறைத் தொட்டி நீரில் நீலச் சாயம் கலக்கலாம். மாதிரி கொடுத்த 4 நிமிடங்களுக்குள் அதன் சூடு 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று கோப்பையில் ஒட்டியிருக்கும் பட்டையே காட்டிவிடும்.

வாய் எச்சிலையும் சோதிக்கலாம். பஞ்சுக்குச்சியை வாயில் வைப்பதற்கு முந்தைய 10 நிமிடங்கள் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. ‘ஐஸ்’ எடுப்பவர்களுக்கு வாய் வறண்டிருக்கும், பஞ்சு நனையக் கூடுதல் நேரம் பிடிக்கும். எச்சிலில் ஓரிரு நாள் வரைதான் தெரியும், சிறுநீரில் பொதுவாக 1 முதல் 3 நாள். அதனால் எச்சிலுக்கு மாறினால் அடிக்கடி வரச் சொல்வார்கள்.

சிறுநீர் வராதவரை ‘தண்ணீர் குடி, குடி’ என்று விரட்டுவதுதான் பெரும் தவறு. மாதிரி நீர்த்துப்போய், அதிலுள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், இல்லாத சந்தேகம் கிளம்பும். சில குவளைத் தண்ணீரை 3 மணி நேரத்துக்குப் பிரித்துக் குடிக்கட்டும். அப்படியும் வராவிட்டால் ‘வரவில்லை’ என்றுதான் எழுத வேண்டும்.

தங்கை நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. “பக்கத்தில் ஆள் நின்றால் பழைய பாதிப்பு கிளறுகிறது, வேறு முறை வேண்டும்” என்று சொன்னால் போதும். அதைக் கோப்பில் பதியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு புதுப் பணியாளரிடமும் மறுபடி சொல்ல வேண்டிவரும். பெண் பணியாளரைப் போட்டால் சரியாகிவிடும் என்று நீங்களே முடிவுகட்டாமல் தங்கையிடமே கேளுங்கள்.

கேள்வி: இருமல் மருந்து, கசகசாவால் ‘பாசிட்டிவ்’ வருமா? (வாசகர், ஜூரோங்)

பதில்: வரலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து உடலில் ஓரளவு மார்ஃபினாக மாறும். கசகசாவிலும் மார்ஃபின் தடயம் இருக்கும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், கோப்பையிலேயே உடனே முடிவு காட்டும் சில சோதனைகளில் ‘ஐஸ்’ வகையான ஆம்ஃபெட்டமின்போலத் தெரியும். எடுக்கும் மருந்துகளை எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முடிவில் தகராறு இருந்தால் எந்தப் பொருள் என்று துல்லியமாகக் காட்டும் நிறை நிறமாலைமானிச் (mass spectrometry) சோதனையை ஆய்வகத்தில் கேளுங்கள். கோப்பை காட்டுவது முதற்கட்ட முடிவுதான்.

கேள்வி: குடும்பச் சேவை நிலையத் தொண்டூழியர் நான். முடிவு ‘பாசிட்டிவ்’ என்றால் எப்படிச் சொல்வது? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: நம்பிக்கை உடைவது பெரும்பாலும் கோப்பையைக் கொடுக்கும் முன்பே. எதற்காக எடுக்கிறோம், எந்தெந்தப் பொருளைச் சோதிக்கிறோம், முடிவை யார் பார்ப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். “யாருக்கும் தெரியாது” என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று சந்தேகித்தாலே மருத்துவர் 7 நாள்களுக்குள் சுகாதார அமைச்சுக்கும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. பின்னால் தெரிந்தால் சிகிச்சைக்கு வந்தவர் திரும்பி வரமாட்டார்.

கேபாட் (போதை தரும் மருந்து கலந்த மின்சிகரெட்) எடுப்பவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிலுள்ள எட்டோமிடேட் என்ற மயக்கமருந்து 2025 செப்டம்பரில் ‘சி’ பிரிவுப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. வழக்கமான கோப்பைச் சோதனையில் அது தெரியாது.

முடிவைத் தனியறையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியை அவருக்கு விட்டுச் சொல்லுங்கள். “இது முதற்கட்ட முடிவு. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ‘ஏன் செய்தீர்கள்’ என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும், ‘கடைசியாக எப்போது, எந்த நேரத்தில்’ என்றால் பேச்சு வரும். இந்த ஒரு முடிவை வைத்துச் சிகிச்சையிலிருந்து நீக்கக் கூடாது என்று அமெரிக்க போதை மருத்துவச் சங்கத்தின் 2017 வழிகாட்டியும் சொல்கிறது. அடுத்த சந்திப்பின் தேதியையும் நேரத்தையும் எழுதிக் கையில் கொடுத்தே அனுப்புங்கள். பயந்துபோய் வராமல் நின்றுவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.